உடைந்த பாலமும் பாக்கியத்தம்மா வழக்கும்

நான் வேலை பார்த்த புரொக்டர் அலுவலகம், அதாவது வக்கீல் அலுவலகம், இன்னும் ஹட்டன் பஜாரில்தான் இருக்கிறது. பெயர்ப்பலகை மாறிவிட்டது, ஆட்கள் மாறிவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் டவுனுக்கு வந்தால் அங்கே எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. அண்மையில் போனபோது இளைய எழுத்தர்கள் ஒரு வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடை ஒன்றின் மாடிப்படி இடிந்து, சாமான் வாங்க வந்தவருக்குக் கால் முறிந்திருந்தது.

"இப்ப கடைக்காரர்தான் பொறுப்புன்னு எல்லாருக்கும் தெரியும் சார். உங்க காலத்துல தேயிலைத் தோட்டத்துக்குள்ள ஒருத்தர் விழுந்திருந்தா யாரப் போயி கேட்டிருப்பாங்க?" என்றார் ஒருவர். யாரையும் கேட்டிருக்க முடியாது என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்துத்தான் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"கேட்டோம். கோர்ட்டில் நிறுத்திக் கேட்டோம்" என்றேன்.

அதற்குப் பிறகு என்னைத் தேநீர் குடிக்கவும் விடவில்லை. அன்று வாயால் சொன்னதை இப்போது எழுதுகிறேன்.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு போட்டவர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஆங்கிலம் எழுதத் தெரிந்ததால், முப்பதுகளின் தொடக்கத்தில் புரொக்டர் ஐயாவிடம் எழுத்தராகச் சேர்ந்தேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து மேசை வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். முதல் இரண்டு வருடமும் நகல் எழுதினேன், கோர்ட்டுக்குக் கட்டுகளைச் சுமந்தேன், திட்டு வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. புரொக்டர் ஐயாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள். எவ்வளவு குளிரடித்தாலும் கோட்டுக்கு மேலே எதுவும் போர்த்தமாட்டார். குரலை உயர்த்தியதே இல்லை. கட்சிக்காரர் பேசத் தொடங்கினால் பேனாவை மூடி மேசையில் வைத்துவிடுவார். முழுக்கதையும் முடிந்த பிறகு, "சரி, இனி முதலிலயிருந்து சொல்லும்" என்பார். இரண்டாம் முறை சொல்லும்போதுதான் பேனா திறக்கும். முதல் தடவை மனிதன் தன் கோபத்தைச் சொல்கிறான், இரண்டாவது தடவைதான் நடந்ததைச் சொல்கிறான் என்பது அவருடைய எண்ணம்.

காயப்பட்டவர்களின் வழக்கென்றால் அவர் கேட்கும் கேள்விகள் எனக்கு இன்றும் மனப்பாடம். "விழுந்த இடம் ஆருடையது? விழுந்தவர் அங்க என்ன அலுவலா நிண்டவர்? அந்த இடம் பழுதெண்டு இடத்துக்காரருக்கு முதலே தெரியுமோ?" இதற்குப் பதில் வந்ததும் என் பக்கம் திரும்புவார். "நீர் போய் அங்க நிண்டு பாத்தனீரோ?"

போய் நின்று பார்க்காமல் ஒரு வரி எழுத விடமாட்டார். வெயிலில் விழுந்தவர் என்றால் வெயிலில் போக வேண்டும், மழையில் விழுந்தவர் என்றால் மழையில். தலையில் மூட்டையோடு விழுந்தவர் என்றால், நானும் மூட்டை சுமந்து நிற்க வேண்டும். பஜாரில் பலர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

ஒரு துணிக்கடை முதலாளி விஷயத்தில்தான் அதன் அருமை தெரிந்தது. கடைக்கு முன்னால் சாக்கடை மேல் போட்டிருந்த கல் உடைந்து, துணி வாங்க வந்த சிங்கள விவசாயி ஒருவர் முழங்காலை உடைத்துக்கொண்டார். ரோட்டில் விழுந்தவருக்குத் தாம் எப்படிப் பொறுப்பு என்று முதலாளி கேட்டார். நான் அங்கே போய் நின்று பார்த்தேன். அந்தக் கல் வழியாக அவருடைய கடைக்கு மட்டுந்தான் ஏற முடியும். புரொக்டர் ஐயா முதலாளியை அலுவலகத்துக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தார்.

"கல்லு ஆர் போட்டது முதலாளி?"

"நான்தாங்க போட்டேன்."

"ஆருக்கு?"

"கடைக்கு வர்ற ஆளுங்களுக்குத்தான்."

"அப்படி வந்தவர்தானே விழுந்தவர்?"

முதலாளி குவளையைக் கீழே வைத்தார். அந்த வாரமே வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டார். வழக்கே வரவில்லை. அன்றுதான் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

அந்தக் காலத்தில்தான் வேலையாட்களுக்கு நட்ட ஈடு கொடுக்கும் சட்டம் வந்தது. தொழிற்சாலை மெஷினில் விரல் போனால் தோட்டம் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அது தோட்டத்து வேலையாளுக்கு மட்டுந்தான். வெளியே இருந்து உள்ளே வந்தவருக்கு என்ன நியாயம் என்று அந்தச் சட்டம் பேசவில்லை. பாக்கியத்தம்மாவின் வழக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

பாக்கியத்தம்மா மருத்துவச்சி. அக்கரப்பத்தனைப் பக்கத்து ரோட்டோரக் கடைத்தெருவில் தனியாக வாழ்ந்தவர், கணவரை இழந்தவர். சுற்றுவட்டாரத்து லயங்களில் அவர் கையில் பிறக்காத பிள்ளை குறைவு. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் மருந்துக்காரர் பல தோட்டங்களுக்கு ஒரே ஆள். கஷ்டமான பிரசவமென்றால் அவரே பாக்கியத்தம்மாவுக்குத்தான் ஆள் அனுப்புவார்.

அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது வலது கை துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. நடக்கும்போது இடுப்பைச் சாய்த்து நடந்தார்.

ஒரு தோட்டத்தில் ராக்கம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இடுப்புவலி. பிள்ளை கால்பக்கமாகத் திரும்பியிருந்தது. ராக்கம்மாவின் கணவர் கருப்பையா வந்து அழைத்துவிட்டு முன்னால் ஓடியிருக்கிறார். ரோட்டுக்கும் லயத்துக்கும் நடுவே ஓயா என்று சொல்லும் சிற்றாறு ஓடுகிறது. அதன் மேல் ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய பலகைப் பாலம். மழையில் போன பாக்கியத்தம்மா பாலத்தின் நடுவில் கால் வைத்ததும் பலகை முறிந்து கீழே பாறையில் விழுந்தார். கருப்பையாவும் இன்னும் சிலரும் அவரைக் கம்பளியில் வைத்துத் தூக்கினார்கள்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கப் பாத்தாங்க" என்றார் பாக்கியத்தம்மா. "நான்தான் லயத்துக்குத் தூக்குங்கடான்னு சொன்னேன். அந்தப் புள்ள அங்க துடிச்சுக்கிட்டு கெடக்குறா. அவ பக்கத்துலயே என்னையும் படுக்க வச்சாங்க. கூட இருந்த பொம்பளைங்களுக்கு, இப்படிப் புடி, அப்படித் திருப்புன்னு சொல்லிச் சொல்லி, நானும் இந்த எடது கையக் குடுத்து... புள்ள நல்லபடியா பொறந்துச்சுங்க. அப்பறந்தான் எனக்கு மயக்கம் வந்துச்சு."

புரொக்டர் ஐயாவின் பேனா மூடியே கிடந்தது.

"தோட்டத்தாரைக் கேட்டனீங்களோ அம்மா?"

"நான் ஒண்ணும் கேக்கலீங்க. கையி போச்சேன்னு அழுதுட்டு இருந்துட்டேன். அவுங்களாத்தான் ஆள் அனுப்புனாங்க. அனுமதி இல்லாம தோட்டத்துக்குள்ள வந்தது நீதான், வெளிய பேசுனா உன் மேலதான் கேஸ் வரும்னு பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டாரு." அவர் குரல் முதல் தடவையாக இறுகியது. "நான் கூப்பிடாம ஒரு வீட்டு வாசல மிதிச்சதில்லீங்க. கூப்பிடாம வந்தவன்னு என்னச் சொல்லலாமா? அதுக்குத்தான் வந்தேன்."

அவர் போன பிறகு ஐயா ஜன்னலருகே நின்றார். "இடத்துக்காரன் கூப்பிட்டு வந்தவர், இடத்துக்காரன் கண்டும் பேசாமல் விட்டவர், இடத்துக்காரன் வேண்டாமெண்டும் வந்தவர். மூண்டு பேருக்கும் சட்டத்தில மூண்டு இடம். இந்த மனுசியை அவை மூண்டாவது இடத்தில தள்ளப் பாக்கினம். நாங்கள் முதலாவது இடத்தில இருத்த வேணும்." பிறகு வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. "மழை பெய்யுது. பாலத்தடிக்குப் போயிட்டு வாரும்" என்றார்.

பஸ்ஸில் அக்கரப்பத்தனை போய், அங்கிருந்து நடந்தேன். பாலத்தின் இந்தப் பக்கத்தில், அனுமதியின்றி உள்ளே வருகிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை நின்றது. முறிந்த இடத்தில் ஒரு மூங்கில் தட்டியைக் கட்டி வைத்திருந்தார்கள். மற்ற பலகைகள் அப்படியே இருந்தன. மேலே சேறும் பாசியும் படிந்து, பார்க்க நல்ல பலகையாகத்தான் தெரிந்தன. நான் ரோட்டு விளிம்பில் நின்றபடியே குடையின் இரும்பு முனையால் முதல் பலகையைக் குத்தினேன். முனை உள்ளே போய்ச் செருகிக்கொண்டது.

தோட்டத்துக் காவல்காரர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்.

"யாருங்க? தொரைகிட்ட கேட்டுட்டு வந்தீங்களா?"

"நான் ரோட்டுலதான் நிக்கிறேன்."

அவர் என் குடையைப் பார்த்தார். அது பலகையில் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, "நாங்கள்லாம் நடுவுல நடக்கிறதில்ல தம்பி. ஓரத்து மரச்சட்டத்து மேலதான் கால் வைப்போம். தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

"பாக்கியத்தம்மாவுக்கு யாராவது சொன்னாங்களா?"

அவர் குடையைப் பலகையிலிருந்து உருவி என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

அங்கிருந்து பாக்கியத்தம்மாவின் வீட்டுக்குப் போனேன். ஐயா இதைச் செய்யச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். இத்தனை வருடம் வந்து போயிருக்கிறாரே, தோட்டத்துப் பெரியவர்கள் கண்ணில் ஒரு தடவைகூடவா படவில்லை என்று வழி முழுக்க யோசனை.

"பெரியம்மா, இதுக்கு முன்னால அந்தப் பாலத்துல உங்கள யாரு யாரு பாத்திருக்காங்க? நல்லா நெனச்சுச் சொல்லுங்க."

"எல்லாருந்தான் பாத்திருக்காங்க. கங்காணி, கணக்கப்பிள்ளை... ஏன், பெரிய தொரையே பாத்திருக்காரு. மழைக்கு முன்ன, கொல்லன் வீட்டுப் பிரசவத்துக்குப் போறேன். பாலத்துல நான் பாதி வந்துட்டேன், அந்தப் பக்கம் தொரை வாறாரு. நாயப் புடிச்சுக்கிட்டு ஓரமா ஒதுங்கி நின்னாரு. நான் போனதுக்கப்பறந்தான் அவரு வந்தாரு. அதெல்லாம் எதுக்குங்க தம்பி?"

எதற்கு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கடைசி பஸ்ஸைப் பிடித்து ஹட்டன் வந்து, ஐயாவின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். "துரையைச் சாட்சிக்கு அழைப்பம்" என்றார்.

நான் பயந்துபோனேன். எதிர்த்தரப்பில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையை நாமே கூண்டில் ஏற்றுவதா? மற்ற புரொக்டர்மாரும் அவரைத் தடுத்தார்கள். ஐயா ஒரே பதில்தான் சொன்னார். "அவர் கர்வம் பிடிச்ச மனிசன் எண்டு கேள்விப்பட்டனான். பொய் சொல்லுற மனிசன் எண்டு ஒருத்தரும் சொல்லயில்லை."

கருப்பையாவும் ராக்கம்மாவும் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டதுதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தோட்டத்துக்கு எதிராகக் கோர்ட்டில் ஏறினால் வேலையிலிருந்து பேர் வெட்டப்படும், குடியிருக்கும் லயத்துக் காம்பிராவையும் காலி செய்ய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு ஹட்டனுக்கு வந்தார்கள். நான் ஆபத்தை மறைக்காமல் சொன்னேன். கருப்பையா மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்காக விழுந்தவங்க அவுங்க" என்றார் ராக்கம்மா. "தெரியாதுன்னு சொல்லிட்டு, இந்தப் புள்ளைக்கு எந்த மொகத்தோட பாலு குடுக்கிறதுங்க?"

வழக்கு விசாரணைக்கு வந்த நாளில் கோர்ட் மண்டபம் நிறைந்திருந்தது. தோட்டத்துக்காக வாதாட ஒரு பெரிய அப்புக்காத்து, மேல்மட்ட வக்கீல், கொழும்பிலிருந்து வந்திருந்தார். பாலம் தோட்டத்தாருக்கு மட்டும் உரியது, எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, அந்த அம்மாவைத் தோட்டம் அழைக்கவில்லை, கண் இருப்பவர் பார்த்து நடந்திருக்க வேண்டும் என்றெல்லாம் வாதம். மருந்துக்காரரும் கூண்டில் ஏறி, தாம் யாரையும் அழைத்துவரச் சொல்லவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவருக்கும் பிள்ளை குட்டிகள் இருந்தன. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கருப்பையா, பாலம் பழுதென்று, வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் கணக்கப்பிள்ளையிடம் பலதடவை சொன்னதாகச் சாட்சி சொன்னார். பிறகு ராக்கம்மா ஏறினார். அப்புக்காத்து மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். "தோட்டம் அழைத்ததை நீ கண்ணால் கண்டாயா?"

"வலியில கெடந்தேங்க. என்னத்தக் காணுறது? ஆனா மருந்துக்கார ஐயா வாசல்ல நின்னு எம் புருசன்கிட்ட, பாக்கியத்தம்மாவ கூட்டிக்கிட்டு வாடான்னு சொன்னது காதுல விழுந்துச்சு. ஐயா அன்னிக்கு நல்லதுதாங்க செஞ்சாரு. அத ஏன் மறைக்கணும்?"

மொழிபெயர்ப்பாளர் அந்தக் கடைசி வரியை ஆங்கிலத்தில் சொன்னபோது நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு மருந்துக்காரரைப் பார்த்தார். ஆனாலும் ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல். அவ்வளவுதான்.

பிற்பகலில் துரை ஏறினார். உயரமான மனிதர், சட்டைக் கழுத்துப் பட்டன் வரைக்கும் பூட்டியிருந்தார். புரொக்டர் ஐயா எழுந்து, கையில் ஒரு தாளும் இல்லாமல் நின்றார். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை என்னால் முடிந்தவரை தமிழில் தருகிறேன்.

"விபத்துக்குப் பிறகு பாலத்தில் எத்தனை பலகையை மாற்றினீர்கள்?"

"எல்லாவற்றையும்."

"முறிந்தது ஒன்றுதானே?"

"மற்றவையும் உளுத்திருந்தன."

"அந்தப் பாலத்தில் இதற்கு முன் இந்த அம்மாவைக் கண்டதுண்டா?"

அப்புக்காத்து எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி உட்காரச் சொன்னார். துரை பாக்கியத்தம்மாவைப் பார்த்தார்.

"கண்டிருக்கிறேன்."

"என்ன செய்தீர்கள்?"

"ஒதுங்கி நின்று வழி விட்டேன்."

"எச்சரிக்கைப் பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பவில்லையா?"

துரையின் முகம் சிவந்தது. ஐயா அவசரப்படவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவருடைய காத்திருப்பை நான் அதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன், பின்னும் பார்த்திருக்கிறேன். அன்று போல இல்லை.

"ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்?" என்றார் துரை. "என் ஆட்களின் பிரசவத்துக்குத்தானே போனாள். அவள் வருவது தோட்டத்துக்கு வேண்டிய காரியம்."

"நன்றி. வேறு கேள்வி இல்லை" என்று ஐயா உட்கார்ந்தார்.

கொழும்பு அப்புக்காத்து தம் முன்னால் கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக மூடினார்.

தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. பாக்கியத்தம்மா தோட்டத்தின் காரியத்துக்காக, தோட்டம் அறிந்து, தோட்டம் விரும்பி உள்ளே வந்தவர். அப்படி வருகிறவருக்கு வழியைப் பத்திரமாக வைத்திருப்பது இடத்துக்காரர் கடமை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்த ஆபத்தை வெளியே இருந்து வருபவருக்குச் சொல்லாமல் விட்டது குற்றம் என்று நீதிபதி வாசித்தார். நட்ட ஈடும் வைத்தியச் செலவும் தோட்டம் கொடுக்க வேண்டும். தொகை எவ்வளவு என்று இளையவர்கள் கேட்டார்கள். பாக்கியத்தம்மா அதைக் கேட்கக்கூட இல்லை. "கூப்பிட்டு வந்தவன்னு எழுதிட்டாங்களா தம்பி?" என்றுதான் கேட்டார். எழுதிவிட்டார்கள் என்றேன். இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வராந்தாவில் நாங்கள் நின்றபோது துரை வந்தார். கூட்டம் விலகியது. கருப்பையாவும் ராக்கம்மாவும் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். துரை அவர்களையும் பார்த்துவிட்டு, பாக்கியத்தம்மாவிடம் தம் தோட்டத்துத் தமிழில் சொன்னார். "பாலம் இப்போ நல்லா இருக்கு. நீ வரலாம்."

"ஆள் அனுப்புங்க தொரை, வாறேன்" என்றார் பாக்கியத்தம்மா.

துரை தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். கருப்பையா குடும்பத்தின் பேர் வெட்டப்படவில்லை. பாக்கியத்தம்மாவின் விரல்கள் கடைசிவரை சரியாக மடங்கவில்லை. ஆனாலும் அந்தத் தோட்டத்திலிருந்து ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, மற்றப் பெண்கள் செய்தார்கள்.

சில நாட்கள் கழித்து வேறொரு வழக்குக்காக ஐயாவும் நானும் அவருடைய சின்னக் காரில் அக்கரப்பத்தனை ரோட்டில் போனோம். ஒரு திருப்பத்தில் ஐயா காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். பள்ளத்தில் எங்கேயோ சுத்தியல் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் தூரம் போனதும் அடுத்த தோட்டத்திலும் அதே சத்தம். ஓயாவின் மேல் இரண்டு ஆசாரிகள் புதுப் பலகை அறைந்துகொண்டிருந்தார்கள். மழையில் நனைந்த புது மரத்தின் வாசனை ரோடு வரைக்கும் வந்தது.

"கேக்குதே?" என்றார் ஐயா.

"ஆசாரி வேலைங்க ஐயா."

"ஓம்." அவர் கண்ணாடியை ஏற்றாமல் உட்கார்ந்திருந்தார். "அது பாக்கியத்தம்மாவிட்ட நீர் கேட்ட கேள்வி."